மூன்று டீச்சர்மார் வாங்காத கார்

லைசன் கையில் கிடைத்த மறுநாளே, நீங்கள் கார் ஓட்டப் பழக்கிய மாணவர் உங்களைத் தேடி வருவார். "மிஸ், ஒரு சின்னக் கார் பாக்கணும். வெல கொறவா இருக்கணும், வழியில நிக்கவும் கூடாது. எது நல்லதுங்க?" என்று கேட்பார். விற்கிறவன் சொல்வதை அவர் நம்ப மாட்டார். சொந்த அண்ணன் சொல்வதைக்கூட நம்ப மாட்டார். நம்மை நம்புவார். மேட்டில் வண்டி பின்னால் உருண்டபோது நம் பக்கத்து பிரேக்கை மிதித்து அவரைக் காப்பாற்றியது நாம்தானே.

அந்த நம்பிக்கையை இளம் பயிற்சியாளர்களான உங்களில் சிலர் புரோக்கருக்கு விற்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். மாணவரை இன்ன ஆளிடம் அனுப்பினால் இவ்வளவு கொமிஷன் என்று பேச்சாம். ஒரு பயிற்சியாளர் என் முகத்துக்கு நேரே, "எல்லாரும் செய்றதுதானே மிஸ்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கண்ட கோபத்தில்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஸ்டியரிங் பிடிப்பதும் ரிவர்ஸ் எடுப்பதும் உங்களுக்குத் தெரியும். அதையெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. யுத்தம் மறுபடி தொடங்கியிருந்த காலத்தில், மாத்தளையில், ஒரு காரை வாங்க வேண்டாம் என்று சொன்னதற்கு எனக்கு என்ன நடந்தது என்பதைச் சொல்கிறேன்.

அப்போது நான் டவுனில் ஒரு சாரதிப் பயிற்சிப் பாடசாலையில் வேலை செய்தேன். முதலாளி நல்ல பேச்சுக்காரர். பயிற்சியாளர்களில் நான் ஒருத்திதான் பெண். அதனால் டீச்சர், நர்ஸ், மிட்வைஃப் எல்லாரும் என்னிடம்தான் வருவார்கள். அப்படி வந்தவள் யோகராணி. எல்கடுவப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், லயத்து வரிசை வீட்டில் பிறந்து படித்து, டீச்சர் வேலை எடுத்தவள். ரத்தோட்டைக்கு மேலே, ரிவர்ஸ்டன் போகும் ரோட்டிலிருந்து உள்ளே இருக்கும் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தாள். டவுனில் அறை எடுத்துத் தங்கியிருந்தாள். டெஸ்டில் முதல் தடவையிலேயே பாஸ்.

அவளோடு அதே பள்ளிக்கூடத்துக்குப் போகிறவர்கள் இன்னும் இரண்டு பேர். கணக்கு படிப்பித்த பரீனா டீச்சர், சிங்களம் படிப்பித்த குசும் டீச்சர். மூன்று பேரும் ஒரே காலைப் பஸ்ஸை நம்பியிருந்தார்கள். சில நாள் பஸ் வராது. வந்தாலும் செக்பொயின்டில் எல்லாரையும் இறக்கி, வரிசையில் நிற்க வைத்து, பைகளைக் கிளறி முடிக்க நேரமாகிவிடும். பிந்திப் போனால் வரவுப் புத்தகத்தில் சிவப்புக் கோட்டுக்குக் கீழேதான் கையெழுத்து. அதிபரின் முகத்தைப் பார்க்க ஏலாது. அதனால் மூன்று பேரும் சேர்ந்து ஒரு கார் வாங்குவது என்று முடிவெடுத்தார்கள். யோகராணியின் அம்மா கொழுந்து பறித்து ஓய்வு பெற்றபோது கிடைத்த பணம், பரீனாவின் வளையல், குசும் எடுத்த கடன். ஓட்டப்போவது யோகராணி.

இதைக் கேட்டதும் முதலாளி, "நம்ம தங்கராஜ் இருக்கானே" என்றார். தங்கராஜ் கார் புரோக்கர். எங்கள் ஒபீசில் தேத்தண்ணி குடித்துக்கொண்டே இருப்பான். ஏன் குடித்துக்கொண்டே இருக்கிறான் என்பது எல்லாருக்கும் தெரியும்.

அவன் கொண்டுவந்தது ஒரு வெள்ளைக் கார். அப்படியொரு வெள்ளை. முத்து மாதிரி மின்னியது. உள்ளே புது சீட் கவர், பாட்டுப் பெட்டி, எலுமிச்சை மணம். மூன்று டீச்சர்மாரும் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். பரீனா டீச்சர் பொனட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, விரல் பட்ட இடத்தை முந்தானையால் துடைத்தார். வேலைக்குப் போய்வரும் பெண்கள், முதல் தடவையாகத் தங்களுக்கென்று ஒரு கதவைத் திறந்து உட்காரப்போகிறார்கள். அந்த ஆசையைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. தங்கராஜும் அந்த ஆசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பகலுக்கு இன்னொரு பார்ட்டி வருது டீச்சர். கையில காசோட வர்றாங்க. உங்களுக்காகத்தான் புடிச்சி வச்சிருக்கேன்" என்றான்.

இந்தப் பேச்சை நீங்களும் கேட்பீர்கள். கேட்டதும் உங்களுக்குக் கோபம் வர வேண்டும். நல்ல காருக்கு அவசரம் கிடையாது. டீச்சர்மாரிடம் அட்வான்சாக ஒரு தொகையை அவன் ஏற்கெனவே வாங்கியும் விட்டான்.

நான் பின் டிக்கியைத் திறந்து விரிப்பைத் தூக்கினேன். அடியில் குறுக்கே வெல்டிங் தழும்பு. அதன் மேலேயும் பெயின்ட்.

"இது என்னா?"

"சின்னத் தட்டல் மிஸ். எந்தக் காருல இல்ல?"

"காரோட சொந்தக்காரர் யாரு? யாருகிட்ட இருந்து வாங்கின?"

"கொழும்புல ஒரு டாக்டரு. வெளிநாடு போயிட்டாரு."

எல்லாப் புரோக்கருக்கும் வெளிநாடு போன ஒரு டாக்டர் இருப்பார்.

மைதானத்து ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன். எஞ்சின் பஞ்சு மாதிரி ஓடியது. பிரேக் பிடித்துப் பார்த்தேன், பிடித்தது. தங்கராஜ் பக்கத்தில் உட்கார்ந்து, "பாத்தீங்களா மிஸ்" என்றான். நான் யோகராணியைப் பார்த்துச் சொன்னேன்: "நீங்க தெனம் ஓட்டப்போறது இந்த மைதானத்துல இல்ல. மூணு பேரும் பின்னால ஏறுங்க. உங்க பள்ளிக்கூடத்து ரோட்டுலயே ஏறிப் பாப்போம்."

தங்கராஜுக்குப் பிடிக்கவில்லை. பெட்ரோல் இல்லை என்றான். போடுவோம் என்றேன். பார்ட்டி வரும் என்றான். வந்தால் கொடுத்துவிடு என்றேன். வாயை மூடிக்கொண்டு முன்சீட்டில் ஏறினான்.

ரத்தோட்டை தாண்டும்வரை ஒன்றுமில்லை. ஏற்றம் தொடங்கியதும் கார் திணறியது. செகண்டில் போட்டாலும் மூச்சு வாங்கியது. தேயிலை தாண்டி பனிமூட்டம் இறங்கும் இடத்துக்கு வருவதற்குள் வெப்ப முள் மேலே போய்விட்டது. ஓரமாக நிறுத்தி ஆறவிட்டேன். "போதும், இது உங்க காரு இல்ல. திரும்புவோம்" என்றேன். பரீனா டீச்சரின் முகம் வாடியது. தங்கராஜ், "மிஸ்ஸுக்கு ஓட்டத் தெரியல" என்று முணுமுணுத்தான்.

இறங்கும்போது, இரண்டாவது வளைவில் பிரேக்கை மிதித்தேன். மிதி கீழே போனது. போய்க்கொண்டே இருந்து தரையைத் தொட்டது.

இதைக் கேளுங்கள் பிள்ளைகளே. இடதுபக்கம் எங்கள் பாதை, அதற்கு அப்பால் பள்ளம். வலதுபக்கம் மலைச்சுவர், அதை ஒட்டி மழைத் தண்ணி ஓடும் கான். காரை நிறுத்த வேண்டுமென்றால் எதிர்ப்பாதையைக் கடந்து அந்தச் சுவரில்தான் உரச வேண்டும். அந்த நேரம் பார்த்து கீழே வளைவுக்குப் பின்னாலிருந்து பஸ் ஹோர்ன். உடனே கடந்தால் பஸ்ஸில் மோதுவேன். கடக்காவிட்டால் அடுத்த வளைவில் பள்ளம். மிதியைக் குத்திக் குத்திப் பார்த்தேன், ஒன்றுமில்லை. ஃபர்ஸ்ட் கியரில் தள்ளினேன். எஞ்சின் அலறியது, வேகம் கொஞ்சம் விழுந்தது. ஹேண்ட்பிரேக் பாதிதான் பிடித்தது.

"தலையக் குனிஞ்சு சீட்டப் புடிங்க!" என்று கத்தினேன். பின்னால் பரீனா டீச்சர் கலிமா சொல்வது கேட்டது.

அப்போது தங்கராஜ் ஸ்டியரிங்கைப் பிடித்தான். பயத்தில் வலதுபக்கம், பஸ் வரும் பக்கமே இழுத்தான். முழங்கையால் அவன் மணிக்கட்டில் ஓங்கி ஒரு அடி கொடுத்தேன். கை எடுபட்டது. காரை இடது ஓரத்திலேயே, பள்ளத்தின் விளிம்பிலேயே பிடித்துக்கொண்டேன். பஸ் எங்கள் பக்கக் கண்ணாடியைப் பிய்த்துக்கொண்டு மேலே போனது. அதன் பின்பக்கம் தாண்டியதும் வலதுபக்கம் ஒடித்தேன். டயர் கானுக்குள் விழுந்தது. மண்சுவரில் தேய்ந்து தேய்ந்து, கல்லில் முட்டி, நின்றது.

யோகராணிக்குக் கை எலும்பு வெடித்திருந்தது. பரீனா டீச்சரின் நெற்றியில் இரத்தம். குசும் டீச்சர் இரண்டு பேரையும் கட்டிப் பிடித்தபடி இருந்தார். நான் சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினேன்.

தங்கராஜ் இறங்கினான். காரைச் சுற்றி நடந்தான். அவன் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை, "என் காரு!"

பஸ்ஸை மேலே நிறுத்திவிட்டு ஓடிவந்த கண்டக்டர்தான் பெண்களைத் தூக்கி இறக்கினார்.

வைத்தியசாலையில் கட்டுப் போட்ட பிறகு அந்தப் பக்கத்துப் பொலிஸ் நிலையத்துக்குப் போனோம். கயிறு கட்டி இழுத்து வந்த கார் நிலையத்து வளவில் நின்றது. எங்கள் முதலாளியும் வந்துவிட்டார். சார்ஜன்ட் சிங்களத்தில் பேசினார். எனக்கும் சிங்களம் தமிழ் மாதிரிதான். தங்கராஜ் முந்திக்கொண்டான். பொம்பளை ஓட்டத் தெரியாமல் ஓட்டினாள், என் காரை நாசமாக்கினாள், நட்டத்தைக் கட்டச் சொல்லுங்கள் என்றான். நான் நடந்ததைச் சொன்னேன். சார்ஜன்ட் பேனாவை மூடியே வைத்திருந்தார்.

"யாரும் சாகலையே மிஸ்" என்றார். "சமாதானமாப் போயிடுங்க. அவன் நட்டம் கேக்க மாட்டான். நீங்க முறைப்பாடு குடுக்க வேணாம். டீச்சர்மாரோட அட்வான்ஸை அவன் திருப்பிக் குடுத்துடுவான். எல்லாருக்கும் சரிதானே?"

முதலாளி என் காதருகே குனிந்தார். "ஒத்துக்கங்க மிஸ். இதைவிட நல்லதாக் கெடைக்காது."

உண்மைதான். எங்கள் நாலு பேருக்கும் அதைவிட நல்லது கிடைக்காது. டீச்சர்மாரின் முகத்தில் நிம்மதி தெரிந்தது. நான் வாயைத் திறந்து சரி என்று சொல்லியிருந்தால் வீட்டுக்குப் போய்த் தேத்தண்ணி குடித்திருக்கலாம். பிரேக் போனபோது என்ன செய்வது என்று யோசிக்க எனக்கு நேரமே இருக்கவில்லை. கையும் காலும் பார்த்துக்கொண்டன. இங்கே யோசிக்க நேரம் இருந்தது. அதுதான் கஷ்டம்.

"அந்தக் காரு இனி எங்க போகும்?" என்று தங்கராஜைக் கேட்டேன்.

"அது என் பாடு."

"சொல்லு. எங்க போகும்?"

அவன் பதில் எனக்குத் தேவையில்லை. கராஜுக்குப் போகும், தட்டி நிமிர்த்தப்படும், மறுபடி வெள்ளை பூசப்படும். சீகிரியாப் பக்கம் ஹோட்டலில் வேலை செய்யும் யாரோ ஒரு பையன், ஹயருக்கு ஓட்டலாம் என்று கடன் வாங்கி அதை வாங்குவான். அவனுக்குப் பக்கத்தில் நான் இருக்க மாட்டேன்.

"பிரேக் போச்சின்னு எழுதுங்க" என்றேன். "மோட்டார் எக்ஸாமினர் வந்து பாக்கட்டும். அதுவரைக்கும் வண்டி இங்கதான் நிக்கணும்."

அப்போதுதான் தங்கராஜ் அதைச் செய்தான். சார்ஜன்டின் பக்கம் சாய்ந்து, நல்ல சிங்களத்தில், எனக்கும் கேட்கும்படியாகச் சொன்னான்: "சேர், இந்தப் பொம்பளையோட புருஷன் மன்னார் ஆளு. அதையும் கொஞ்சம் பாருங்க."

மன்னார் யுத்தம் நடந்த வடக்கு; அந்த ஊர்ப் பேரே அப்போது பொலிசுக்குச் சந்தேகம். சொன்னவனும் தமிழன். என் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறவன். தமிழர் வீடுகளைத் தாக்கிய கலவரத்தில் அவன் வீட்டுக் கதவையும்தான் உடைத்தார்கள். ஒரு காரைக் காப்பாற்ற அவன் அந்த வார்த்தையை எடுத்தான். இன்றைக்கு எழுதும்போதும் பேனாவை அழுத்துகிறேன்.

சார்ஜன்டின் கண் மாறியது. அடையாள அட்டையைக் கேட்டார். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"புருஷன் எந்த ஊரு?"

"மன்னார்."

"இப்ப எங்க?"

"மாத்தளையில. கல்லறையில."

"எப்ப செத்தாரு? எதனால?"

"சுகமில்லாம. டிப்போவுல பஸ் ஓட்டினாரு. நீங்களும் ஏறியிருப்பீங்க."

"அவரோட சொந்தக்காரங்க?"

கேள்வி கேள்வியாக வந்தது. மன்னாருக்குக் கடைசியாக எப்போது போனாய், அங்கிருந்து யார் வந்து தங்கினார்கள், வீட்டில் இருக்கிறவர்கள் என்று பொலிசில் யார் யார் பதிவு. பிரேக் என்ற சொல்லே அந்த அறையிலிருந்து போய்விட்டது. எனக்குப் பயமாக இருந்தது. பயம் இல்லை என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள். அந்தக் காலத்தில் அப்படி ஒரு கேள்வியில் உள்ளே போய்த் திரும்பி வராதவர்களை எல்லாருக்கும் தெரியும்.

பரீனா டீச்சர் என் கையைப் பிடித்தார். "மிஸ், அல்லாவுக்காக, போயிடுவோம். எனக்கு ஏலா."

யோகராணி தலையைக் குனிந்துகொண்டாள். அவளுடைய அட்டையில் தோட்டத்து விலாசம் இருந்தது. அடுத்த கேள்வி அவளுக்கு வரும் என்று அவளுக்குத் தெரியும். இவர்கள் இரண்டு பேர் மேலும் எனக்கு அன்றைக்கும் கோபம் வரவில்லை.

நான் மறுபடி சொன்னேன்: "எங்க அவரப் பத்தி எவ்வளவு வேணும்னாலும் கேளுங்க, சொல்றேன். பிரேக் போனதையும் எழுதுங்க."

எழுதவில்லை. மறுபடி சொன்னேன். எழுதவில்லை.

குசும் டீச்சர் எழுந்தார். அதுவரை ஒரு வார்த்தை பேசாதவர். தன் அடையாள அட்டையை மேசையில் வைத்தார். "நானும் அந்தக் காரில் பின்னாடி இருந்தேன். பிரேக் வேலை செய்யவில்லை. இந்த ஆள் ஸ்டியரிங்கை இழுத்தான். மிஸ் இல்லை என்றால் நாங்கள் பள்ளத்தில். என் பேரில் எழுதுங்கள்" என்று அமைதியாகச் சிங்களத்தில் சொன்னார்.

சார்ஜன்ட் பேனாவைத் திறந்தார்.

நான் திரும்பத் திரும்பச் சொன்னது எழுதப்படவில்லை. அவர் ஒரு தடவை சொன்னதும் பேனா ஓடியது. அந்தப் பெண்ணுக்கு நான் என்றைக்கும் கடமைப்பட்டவள். ஆனால் அந்தப் பேனாவை நான் மன்னிக்கவில்லை.

எக்ஸாமினர் வந்து பார்த்தார். பிரேக் குழாய் துரு தின்று, ஒட்டுப் போட்டு, மறுபடி தின்றிருந்தது. காரே ஒரு கார் இல்லை. இரண்டு உடைந்த கார்களின் முன்பாதியையும் பின்பாதியையும் சேர்த்து வெல்டிங் செய்தது. ரோட்டில் போடக் கூடாது என்று எழுதினார். அது பொலிஸ் வளவிலேயே நின்று, அதன் சன்னல் வழியாகப் புல் முளைத்தது. அட்வான்ஸைத் தங்கராஜ் திருப்பிக் கொடுத்தான். தொழிலை விடவில்லை.

எனக்கு? இரண்டு பொலிஸ்காரர்கள் அடிக்கடி வீட்டுக்கு வந்து, குடும்பப் பதிவைக் காட்டச் சொன்னார்கள். கட்டிலுக்கு அடியில்கூடப் பார்த்தார்கள். முதலாளி என்னைக் கூப்பிட்டு, "இனி வர வேணாம் மிஸ். பொலிஸ் வந்து போற எடத்துக்கு யாரு புள்ளைகள அனுப்புவாங்க?" என்றார். நல்ல பேச்சுக்காரர் என்று சொன்னேனே. அதையும் இனிமையாகத்தான் சொன்னார்.

டீச்சர்மாருக்குக் கார் இன்னும் கிடைத்திருக்கவில்லை. யோகராணியின் கைக்கட்டை அவிழ்த்ததும் மூன்று பேரும் என் வீட்டுக்கு வந்தார்கள். இந்தத் தடவை எங்கே பார்ப்பது என்று நான்தான் சொன்னேன். புரோக்கரிடம் இல்லை. உக்குவளையில் ஓய்வு பெற்ற ஒரு போஸ்ட் மாஸ்டர், கண் தெரியாமல் போனதால் காரை விற்க இருந்தார். எண்ணூறு சிசி இந்தியக் கார். மங்கிப்போன சிவப்பு, சீட் கிழிசல், ஒரு கதவு உள்ளேயிருந்துதான் திறக்கும். பரீனா டீச்சர் அதைப் பார்த்து, "இதுவா மிஸ்?" என்றார்.

"பெயின்ட்ட ஓட்டிக்கிட்டுப் போக ஏலாது டீச்சர்" என்றேன்.

போஸ்ட் மாஸ்டரின் மனைவி, அந்தக் கார் எங்கே எப்போது நின்றது, எந்தக் கராஜில் என்ன மாற்றினார்கள் என்று எல்லாக் குறையையும் தானாகவே சொன்னார். குறையைச் சொல்லி விற்கிறவரிடம் வாங்குங்கள். சாமான் டவுனிலேயே கிடைக்க வேண்டும். எந்தக் கராஜ்காரனும் கை வைக்கக்கூடிய எஞ்சினாக இருக்க வேண்டும். யார் வைத்திருந்தார் என்று வீடு தேடிப் போய்க் கேட்க முடிய வேண்டும். எத்தனை பேர் தினம் ஏறுவார்களோ அத்தனை பேரையும் ஏற்றி, அவர்கள் போகும் ரோட்டிலேயே ஏறி இறங்கிப் பார்க்க வேண்டும். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அந்தச் சிவப்புக் கார் நாலு பேரோடு செகண்டில் முனகிக்கொண்டே ஏறியது. ஆனால் ஏறியது. இறக்கத்தில் கேட்ட இடத்தில் நின்றது.

சனி, ஞாயிறில் அவர்களுக்குக் கார் தேவையில்லை. "வச்சி ஓட்டுங்க மிஸ்" என்று சாவியைத் தந்தார்கள். பக்கத்து பிரேக் பொருத்தி, எல் போர்டு கட்டி, அதில்தான் நான் சொந்தமாகப் படிப்பிக்கத் தொடங்கினேன்.

யுத்தம் முடிந்த பிறகு ஒரு நாள் காலை வாசலில் ஒருவர் நின்றார். யூனிஃபோர்ம் இல்லாமல் சேர்ட்டும் சாரமுமாக வந்ததால் உடனே அடையாளம் தெரியவில்லை. அந்த சார்ஜன்ட். பக்கத்தில் ஒரு இளம்பெண்.

"மிஸ், மகளுக்கு வேலை கெடைச்சிருக்கு. ஒரு சின்னக் கார் பாத்து வச்சிருக்கேன். நீங்க ஒருக்கா ஓட்டிப் பாக்கணும். புரோக்கர் சொல்றத நம்ப ஏலாதே."

கதவை அறைந்து சாத்த வேண்டும்போல் இருந்தது. "அன்னைக்கு நம்பினீங்களே?" என்றேன்.

"அது அந்தக் காலம் மிஸ்."

"என்ன காலம்? எனக்கு அது நேத்து!"

அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. நான் அவரை உள்ளே கூப்பிடவும் இல்லை. ஆனால் அந்தப் பெண் ஒன்றும் தெரியாமல் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தக் காரில் தினமும் உட்காரப்போவது அவள். செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கினேன்.

அவரைப் பின்சீட்டில் உட்காரச் சொன்னேன். மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ரத்தோட்டை ஏற்றத்தில் ஏறி, இறங்கி வந்து ஓரமாக நிறுத்தினேன். கார் நல்ல கார்தான். வாங்கச் சொன்னேன். பிறகு சாவியை அவள் கையில் கொடுத்து, அவளுடைய மொழியிலேயே, பின்சீட்டுக்கும் கேட்கும்படி சொன்னேன்:

"ஒரு காருல பிழை இருக்குன்னு உனக்குத் தெரிஞ்சா ஏறாதே மகள். யாரு சமாதானம் சொன்னாலும் ஏறாதே. உங்க அப்பா சொன்னாலும்."